நெமெசியோவின் பஸ் கடலுக்குப் போனது

எங்கள் பொசோ வியெகோ ஊரில் கையைத் தூக்கினால் பஸ் நிற்கும். நிறுத்தம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மரத்தடியோ, கிணற்றோரமோ, ஆட்டுப்பட்டி வாசலோ, நாம் நின்று கையைத் தூக்குகிற இடம்தான் நிறுத்தம். அப்படி நிறுத்தி நிறுத்தியே முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர் நெமெசியோ லுதுவேஞா.

தூக்கின கையை அவர் தாண்டிப் போனதாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றியிருக்கிறார். ஒரு தடவை சவப்பெட்டியையும் ஏற்றினார். பெரிய பேச்சுக்காரர் இல்லை. ஏறும்போது "எங்க போகணும்?" என்பார், இறங்கும்போது "ஆண்டவர் கூட வரட்டும்" என்பார். நடுவில் ஒரு வார்த்தை வராது.

அவர் ஓய்வு பெற்றதும் கம்பெனி பழைய பஸ்ஸைக் கழித்துவிட்டது. புது பஸ் வியாழக்கிழமை மட்டும்தான் வரும் என்றார்கள். கழித்த பஸ்ஸை நெமெசியோவே வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தினார். அவரும் அவர் மனைவி தெல்மீராவும் அதற்குள் ஒரு வீடு கட்டினார்கள். பின்பக்கம் கட்டில், நடுவில் காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஓட்டுகிற இடத்துக்கு மேலே ஆண்டவர் படம். முன் இருக்கைகள் நாலு வரிசையை மட்டும் அவர் கழற்றவே இல்லை.

"வீட்டுக்குள்ள எதுக்கு இத்தனை சீட்டு?" என்று தெல்மீரா கேட்டாள்.

"இருந்துட்டுப் போகட்டும் கிழவி."

இதெல்லாம் எதற்கென்றால், கடலுக்காக. தெல்மீரா கடலைப் பார்த்ததே இல்லை. எங்களில் பாதிப்பேர் பார்த்ததில்லை, அதற்காக யாரும் அழுவதும் இல்லை. ஆனால் அவளுக்குக் கண்ணில் நீரழுத்தம் வந்துவிட்டது. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது, மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்று டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அவள் நெமெசியோவிடம் கேட்டது ஒன்றுதான். "இருட்டுறதுக்குள்ள கடலைக் காட்டுறியா?" அவர் சரி என்றார்.

அக்டோபரில் புறப்பட்டார்கள். பங்குச் சாமியார் வந்து பஸ்ஸுக்குத் தீர்த்தம் தெளித்தார். ஊர் எல்லைகூடத் தாண்டவில்லை, காய்ச்சல்காரக் குழந்தையோடு ஒருத்தி கையைத் தூக்கினாள். நெமெசியோ நிறுத்தினார். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு கை. எல்லாரையும் டவுன் ஆஸ்பத்திரியிலும் சந்தையிலும் இறக்கினார். பிறகு, இவர்கள் திரும்பி எப்படிப் போவார்கள் என்று யோசித்தார். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட்டார். தெல்மீரா சமைத்து வைத்த மாட்டுக்கறி வழியிலேயே தீர்ந்துபோனது.

அடுத்த தடவை, எங்கள் நாட்டில் கோடைகாலமான டிசம்பர் வெயிலில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற மத்தியானத்தில் கிளம்பினார்கள். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் நாய்கூட ரோட்டில் நிற்காது. ஆடு வளர்க்கிற கசிமீரோ நின்றார், கையில் இரண்டு ஆட்டுக்குட்டியோடு.

ஊர்த் திருவிழா முடிந்ததும் தெல்மீரா ஒரு காரியம் செய்தாள். வெள்ளையாக இருந்த பஸ்ஸுக்குத் தன் கையாலேயே பச்சை பெயிண்ட் அடித்தாள். "இனிமே யாருக்கும் அடையாளம் தெரியாது" என்றாள். எஞ்சின் சத்தத்தை என்ன செய்வது? மூன்றாவது தடவை கிளம்பினபோதும், பஸ் கண்ணுக்குத் தெரியுமுன்னே ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். "புது பெயிண்டு நல்லா இருக்கு நெமெசியோ ஐயா!" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள்.

தெல்மீரா சண்டை போடுகிறவள் இல்லை. மேலங்கியின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாத்தே இலைத் தேநீர் குடிக்க வெந்நீர் வைத்தாள். ஏறினவர்களுக்கும் அவள்தான் ஊற்றிக் கொடுத்தாள். யாரைக் குற்றம் சொல்ல? கை தூக்கினவர்களுக்கும் அவசரம் இருந்தது.

நாலாவது தடவை மே மாதம். அதற்குள் அவள் கோப்பையை மேசை விளிம்புக்கு வெளியே வைத்து இரண்டு மூன்று உடைத்திருந்தாள். அன்றைக்கு நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். எங்கள் சிற்றாலயத்துக்கான மெழுகுவர்த்திகளை எடுத்துக்கொண்டு, சாமியாரிடம் மந்திரித்து வாங்க டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டுக்குட்டியோடு கசிமீரோ இருந்தார், பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி இருந்தாள்.

பெரிய ரோடு பிரிகிற இடம் வந்தது. இடது பக்கம் டவுன், வலது பக்கம் தெற்கே போகிற வழி. நெமெசியோ இடது பக்கம் திருப்பப் போனார்.

"நிறுத்து" என்றாள் தெல்மீரா.

நிறுத்தினார். அவள் பையை எடுத்துக்கொண்டு படியைத் தடவித் தடவி இறங்கினாள். பஸ்ஸுக்கு முன்னால் பத்தடி போய், ரோட்டோரம் நின்று, கையைத் தூக்கினாள்.

கசிமீரோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்ப்பா, பொண்டாட்டிக்கு என்னாச்சு?"

நெமெசியோ பஸ்ஸை மெதுவாக உருட்டிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தார். வழக்கமான குரலில்தான் கேட்டார். "எங்க போகணும்?"

"கடலுக்கு."

"ஏறு, கிழவி. இவங்கள விட்டுட்டு…"

"நான் இவங்க எல்லாருக்கும் முன்னாடி ஏறினவ. அக்டோபர்லயே ஏறினவ."

"அடேய் நெமெசியோ, எனக்கு ஆடு விக்கணும்டா" என்றார் கசிமீரோ. "கடல் எங்கயும் ஓடிடாது."

"கடல் ஓடாது. என் கண்ணு ஓடுதே" என்றாள் தெல்மீரா. கோபமாகச் சொல்லவில்லை.

ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. நெமெசியோவின் காது சிவந்துபோயிருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்தார். "இந்த பஸ் டவுனுக்குப் போகல. இறங்குங்க" என்றார்.

எங்கள் பைகளை அவரே இறக்கி மரத்தடியில் வரிசையாக வைத்தார். ஆட்டுக்குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து விட்டார். டீச்சரிடம், "லாரி ஏதாச்சும் வரும்மா" என்றார். கசிமீரோ வாய்க்கு வந்தபடி திட்டினார். நெமெசியோ தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். "ஆண்டவர் கூட வரட்டும்" என்று அன்றைக்கு எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான்தான் அவரைப் பார்த்துச் சொன்னேன்.

மத்தியானத்துக்கு மேல் கரி லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டு போனது. மெழுகுவர்த்தியில் பாதி வெயிலில் வளைந்துவிட்டது. சாமியார் வளைந்ததையும் மந்திரித்துத் தந்தார்.

மற்றது தெல்மீரா சொல்லிக் கேட்டது. தெற்கே போகப் போக ரோட்டில் ஒருவரும் கையைத் தூக்கவில்லையாம். நின்றவர்களை எல்லாம் நெமெசியோ வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தாராம். ஒரு ஊருக்கு வெளியே கடைசியில் ஒருத்தன் கையைத் தூக்கினான். இவர் சந்தோஷமாக நிறுத்திக் கதவைத் திறந்து, "எங்க போகணும்?" என்று கேட்டார். அவன் போலீஸ்காரன். "நான் எங்கயும் போகல ஐயா, உங்க லைசென்ஸ எடுங்க" என்றானாம். அதைச் சொல்லும்போதெல்லாம் தெல்மீராவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிடும்.

மார் தெல் பிளாத்தா என்கிற கடற்கரை ஊரில் கடலைப் பார்த்தார்கள். தெற்கே அங்கெல்லாம் குளிர்காலம் தொடங்கிவிட்டதால் கரையில் கூட்டம் இல்லை. ஒரு மாதம் அங்கேயே பஸ்ஸில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

இப்போது தெல்மீராவுக்கு நேர் எதிரே நிற்கிற ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். நெமெசியோ பழையபடி கை தூக்குகிறவர்களை ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார். கசிமீரோ ரொம்ப நாள் முகம் கொடுக்கவில்லை. போன வாரம்தான் ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் உர்ரென்று கேட்டார். "கடல் எப்படித்தான் இருந்துச்சு?"

"பழுப்பா இருந்துச்சு" என்றாள் தெல்மீரா. "நம்ம ஆத்துல வெள்ளம் வந்த மாதிரி. எதிர்க்கரை மட்டும் இல்ல."

ஓட்டிக்கொண்டே நெமெசியோ சொன்னார். "பழுப்பா? நீலமாத்தானே இருந்துச்சு. தூரத்துல ஒரு கப்பல்கூட…"

"நீ சும்மா இரு. கடலைப் பாத்தவ நான். நீ எங்க கடலைப் பாத்த? நான் பாக்குறேனான்னு என் மூஞ்சியத்தானே பாத்துட்டு நின்ன."