உப்பு பார்க்காத சட்டி

சமையல் வேலையில் நாக்குதான் கங்காணி. அந்தக் கங்காணியை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஐம்பது நாள் மாட்டுக்கறி சமைத்தவள் நான். அடுத்தவர் வயிற்றுக்காக அடுப்படியில் நிற்கிறவர்களே, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

வேலை கேட்டுப் போனது

என் வீட்டுக்காரருக்கு மூணாறில் தேயிலை ஃபேக்டரி வேலை. அந்த வருடம் மே மாதத்தோடு அவருக்கு ரிட்டயர்மெண்ட். கூடவே, இருபது வருடமாகக் குடியிருந்த லயத்து வீட்டையும் எஸ்டேட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். மகள் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். மலையை விட்டு இறங்கினால் அவள் படிப்பு பாதியில் நின்றுபோகும் என்ற நினைப்பிலேயே எனக்கு உறக்கம் கெட்டுப்போயிருந்தது.

டவுனுக்கு மேலே ஒரு ஹோம்ஸ்டேயில் சமையலுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஓடினேன். முதலாளி அன்னம்மா சேச்சி கேட்ட முதல் கேள்வியே, "போத்து வெக்க அறியுமோ?" என்பதுதான். போத்து என்றால் எருமை. இங்கே எல்லா மாட்டுக்கறிக்கும் அதே பேர். "அறியும் சேச்சி" என்று தலையை ஆட்டிவிட்டேன். பொய்யில்லை. பக்கத்து வீட்டுக்காரி சமைக்கும்போது கூடமாட நின்று கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அது புழங்குவதில்லை, நான் வாயில் வைத்ததும் இல்லை. அதை மட்டும் விழுங்கிவிட்டேன். சேச்சிக்கும் என் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அன்றைக்குத்தான் அவர்களுக்கு நோன்பு தொடங்கியிருந்தது. ஈஸ்டர் வரைக்கும் ஐம்பது நாள் மீன், இறைச்சி எதையும் தொடமாட்டார்.

அவர் சொன்னது இது: "ஈஸ்டர் வரைக்கும் நோக்கட்டே செல்வீ. வர்ற ஆளுங்க குத்தம் சொல்லலேன்னா பின்னாடி இருக்குற க்வாட்டர்ஸ் உனக்கு. சொன்னாங்கன்னா கோட்டயத்துல ஒரு குக் ரெடியாயிட்டு நிக்குது."

ஒரே சட்டி, இருபது நிமிடம்

அடுப்பில் இரண்டு பர்னர். ஒன்றில் எப்போதும் பால் விடாத கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சேச்சியின் சட்டம். மிச்சமிருந்த ஒன்றில்தான் என் பிழைப்பு. சுற்றிப் பார்க்கப் போனவர்கள் ஆறரை மணிக்குப் பசியோடு வந்து இறங்குவார்கள். அதற்குப் பிறகுதான் சட்டியை ஏற்ற வேண்டும், ஆறின கறி மேசைக்குப் போகக்கூடாது. எங்கள் எஸ்டேட்டுக்குக் கடைசி ஜீப் ஏழு மணிக்கு. அதை விட்டால் யானை நிற்கிற ரோட்டில் நடக்க வேண்டும். அதனால் குழம்பு தனி, பொரியல் தனி என்ற பேச்சுக்கே இடமில்லை.

மிஷினில் அரைத்த கொத்துக்கறி. பெரிய சீனச்சட்டியில் எண்ணெய், சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. கறியைப் போட்டு, கட்டி விழாமல் கரண்டி முதுகால் உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது விடுகிற தண்ணீரிலேயே பொடியாக நறுக்கின உருளைக்கிழங்கு, பிறகு பக்கத்து வட்டவடையில் விளைகிற கேரட், பீன்ஸ், கடைசியில் கோஸ். மேலே மிளகுத்தூள். சளசள என்று கேட்கிற சத்தம் சிடுசிடு என்று மாறினால் இறக்கிவிடலாம். காயை முதலில் தனியாக வதக்கி, உப்பு பார்த்துக்கொண்டு பிறகு கறியைப் போடலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். செய்து பார்த்தேன். கேரட் குழைந்து, கறி வேகாமல், மணி ஏழாகிவிட்டது. அதற்குப் பிறகு உப்பு என்பது உள்ளங்கைக் கணக்கும் மூக்கின் தயவும்தான்.

ஜீப் ஓட்டுகிற முருகேசன் ஆறே முக்காலிலிருந்தே ஹார்ன் அடிப்பான். ஒருநாள் ஜன்னலோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "யக்கா, சட்டியையும் ஜீப்புல ஏத்திரும். போற குலுக்கல்ல அது தானா கிண்டிக்கிடும்."

ருசி பார்க்க ஒரு ஆள்

இரண்டாவது வாரம் எனக்கு ஒரு துணை கிடைத்தார். சேச்சியின் கணவர், நாங்கள் எல்லாரும் அச்சாயன் என்போம். அவருக்கும் நோன்புதான். ஆனால் கறி வதங்கும் வாசனை வந்தால் அடுப்படிப் பக்கம் ஏதாவது தேடிக்கொண்டு வருவார். "ருசி நோக்குறது தின்னுறதுல சேராது" என்று அவரே ஒரு தீர்ப்பும் வைத்திருந்தார். எனக்குக் கும்பிடப்போன சாமி குறுக்கே வந்த மாதிரி இருந்தது. ஒரு கரண்டி கொடுத்தேன். "உப்பு போரா" என்றார், போதவில்லை என்று. போட்டேன். இன்னொரு கரண்டி. "ஒரு நுள்ளு கூடி" என்றார், இன்னும் ஒரு சிட்டிகை என்று. மறுபடி போட்டேன். மூன்றாவது கரண்டிக்குத்தான் அவர் முகம் மலர்ந்தது.

அன்றைக்குச் சாப்பிட்ட ஐந்து பேரும் இருந்த தண்ணீரையெல்லாம் காலி செய்துவிட்டு, காலையில் கிளம்பும்போது கறி ஒரே உப்பு என்று சேச்சியிடம் நேராகவே சொல்லிவிட்டுப் போனார்கள். "இன்னொரு தவண இப்பிடிக் கேட்டா கோட்டயத்துக்கு ஃபோன் போகும்" என்றார் சேச்சி. அவர் அந்தப் பக்கம் போனதும் அச்சாயனைப் பிடித்தேன். அவர் கொஞ்சமும் பதறாமல் சொன்னார்: "ப்ரெஷருக்கு டாக்டர் உப்ப நிறுத்தி ஆறு மாசமாச்சு மோளே. எனக்கு இப்ப கடல்தண்ணி குடிச்சாலும் உப்பு போராதுன்னுதான் தோணும்."

திருப்பூர்க்காரர்கள்

ஒருநாள் திருப்பூரிலிருந்து ஒரு கணவன் மனைவி. மத்தியானமே அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, ராத்திரிக்கு அந்த மாட்டுக் கொத்துக்கறி எனக்கு மட்டும் வைங்க. சம்சாரம் கேட்டா ஆட்டுக்கறின்னு சொல்லிப்போடுங்க. அவளுக்குத் தெரிஞ்சா ஊடு ரெண்டாயிரும்" என்றார். சரி என்றேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அந்தம்மா வந்தார். அதே பேச்சு, அதே கெஞ்சல், அதே ஆட்டுக்கறி.

எனக்கு இருந்த பதற்றத்தில் சிரிக்கக்கூட முடியவில்லை. ஒரே சட்டியை இறக்கி, இரண்டு தட்டில் போட்டு, இரண்டு பேர் முன்னாலும் "ஆட்டுக்கறி" என்று வைத்தேன். இருவரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு உயிர் வந்தது. கை கழுவ வந்த அந்தம்மா என் காதோடு சொன்னார்: "பாவமுங்க எங்கூட்டுக்காரரு, வெறும் ஆட்டுக்கறியவே இத்தன ருசியாத் திங்கறாரு."

பன்னிரண்டு பேர் வந்த நாள்

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருந்தது. மதுரையிலிருந்து பன்னிரண்டு வாத்தியார்கள் ஒரு வேனில் வந்தார்கள். வழியில் யானை ரோட்டை மறித்து நின்றதில் மத்தியானச் சாப்பாடே இல்லாமல் ஆறே முக்காலுக்கு வந்து இறங்கினார்கள். ஜங்ஷன் கடையிலிருந்து புரோட்டா வந்துவிட்டது. கறி மட்டும் நான் வைக்க வேண்டும். அதே சட்டி, இரண்டு மடங்கு கறி. உள்ளங்கைக் கணக்கு இரண்டு மடங்குக்குப் பழகியிருக்கவில்லை. வெளியே முருகேசன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கிறான். அந்த நேரம் பார்த்துச் சேச்சி வந்து பக்கத்தில் நின்றார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, என் வாய்க்கு நேரே நீட்டினார். "எனக்கு நோம்பு. நீ உப்பு நோக்கு."

கரண்டியை வாங்கினேன். ஒரு துளி நாக்கில் பட்டால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாதுதான். வீடு, மகள், கோட்டயத்துக் குக் எல்லாம் கண்முன் வந்தன. கை உதடு வரைக்கும் போனது, அதற்கு மேல் போகவில்லை. "நான் இதைத் தின்றதில்ல சேச்சி, இன்னைக்கு வரைக்கும் வாயில வச்சதில்ல" என்று சொல்லிவிட்டேன். சேச்சி கேட்டார்: "பின்ன இத்தன நாளும்?" "மணத்த வச்சுத்தான் சேச்சி." வெடுக்கென்று கரண்டியைப் பிடுங்கித் தன் வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கீழே வைத்தார். அச்சாயன் கதவோரம் தயாராக நின்றார். "நீங்க அங்கனயே நில்லுங்க" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

உப்பு பார்க்காமலேயே கறி மேசைக்குப் போனது. திரைக்குப் பின்னால் நின்ற சேச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு பெரிய மீசை வாத்தியார் காலித் தட்டோடு எழுந்து உள்ளே பார்த்தார். "அம்மா, இன்னும் இருக்கா? சட்டியில ஒட்டுனதா இருந்தாலும் சொரண்டிக் கொண்டாங்க." நான் சுரண்டிக்கொண்டிருந்தபோது வெளியே ஹார்ன் சத்தம் நின்றுபோயிருந்தது, ஜீப் போய்விட்டது. சேச்சி முந்தானையிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்து என் கையில் வைத்து மூடினார்: "வீட்டுக்கு ஃபோன் பண்ணு, இன்னிக்கு க்வாட்டர்ஸ்ல படு. சாவி உன்கிட்டயே இருக்கட்டே. ருசிய ஈஸ்டருக்கு நான் பாத்துக்கறேன்."

ஈஸ்டர் அன்று முதல் கவளத்தை வாயில் போட்ட சேச்சி கண்ணை மூடி, நிதானமாக மென்று, "உப்பு ஒரு பொடிக்குக் கூடுதல்" என்று சொன்னாரே தவிர, சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.