வாத்து திரும்பி வந்ததா?

மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்த அண்ணன் கடிதம் போடமாட்டான். எழுதத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்போது கும்பகோணத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான்.

அந்த வருஷம் அப்பாவுக்கு அவனிடமிருந்து ஒரே ஒரு பதில்தான் வேண்டியிருந்தது. சம்பா நடவுக்குள் அவன் ஊரோடு வந்துவிடுவானா? வந்தால் குத்தகை நிலத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான். அப்பாவால் இனி தனியாகச் சேற்றில் இறங்க முடியாது.

கேசட் வந்தது. எல்லாரையும் விசாரித்துவிட்டு, "குத்தகை விஷயமா நான் என்ன சொல்றேன்னாப்பா..." என்றான். டக்கென்று ஒரு சத்தம். கிடாரும் டிரம்ஸும் அதிர, எவனோ ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்தான். நம்மூர் நாட்டுப்பாட்டு போல எளிய மெட்டு. அதன்மேல் அவ்வளவு இரைச்சல்.

"பேச வெக்கப்பட்டுக்கிட்டு பாட்டா அனுப்பியிருக்கான்" என்றாள் அம்மா.

பழைய பாட்டுக் கேசட்டின் மேல் பேசியிருப்பான், பாதியில் பதிவு நின்றிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாட்டின் வார்த்தைகள் காதில் விழுந்தன. குளம், வற்றிய தண்ணீர், பறந்துபோன வாத்து, கரையில் ஒரு குழந்தை. பள்ளியில் சிஸ்டர் எனக்குப் பரிசாகக் கொடுத்த புத்தகத்தின் கதை அது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கும் கதையாம். அண்ணனுக்கு அதை எத்தனையோ முறை தமிழில் சொல்லியிருக்கிறேன். தெரிந்தே அனுப்பினானா? ஆங்கிலமே தெரியாதவன் எப்படி?

"இங்கிலீசுதானே படிக்கிற? என்ன சொல்றான்?" என்றார் அப்பா.

தெரியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைச் சொன்னேன். "மழை பேஞ்சதும் வாத்து திரும்பி வந்துடும்ப்பா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிலக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பாட்டைக் கடைசிவரை கேட்டேன். குழந்தை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வாத்து வந்ததாக வரி இல்லை. வரவில்லை என்றும் இல்லை. வெறும் கிடார் மட்டும் ஓடி ஓய்கிறது. மூன்று முறை சுற்றிக் கேட்டும் அவ்வளவுதான்.

ஓடிப்போய் வாய்க்கால் மதகருகே அப்பாவைப் பிடித்தேன். அதற்குள் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"அப்பா, எனக்குச் சரியா வெளங்கலப்பா. அந்தப் பாட்டுக்கும் அண்ணனுக்கும் சம்பந்தம் இருக்கான்னே தெரியல."

"தொடர்றோம்னு வாக்குக் குடுத்தாச்சேம்மா."

"அண்ணன் வரலைன்னா?"

"நீ வந்து நாத்துப் பறி. பி.ஏ. படிச்சவ பறிச்சா நாத்து வேண்டாம்னா சொல்லப்போவுது?"

சிரிக்கிறாரா, குத்துகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். அதுவும் எனக்கு விளங்கவில்லை.