சிரிப்புக்கு நின்ற இடம்

"ஏம்மா, வசனம் மறந்துபோச்சா?"

டிவி நகைச்சுவைத் தொடரில் நடிக்கப் போன முதல் நாள், டைரக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

எனக்கு வீட்டுக்காரம்மா வேடம். குடித்தனக்காரர் வந்து, "அக்கா, குழாயில தண்ணி வரல" என்பார். நான், "அதுவும் செத்த நேரம் ஓய்வெடுக்கட்டும்" என்று சொல்லி, "ராத்திரி பூரா சொட்டிக்கிட்டே கெடந்துச்சே, அசதி இருக்காதா?" என்று முடிக்க வேண்டும். முதல் வரியைச் சொன்னேன். நின்றுவிட்டேன்.

அதுவரை அய்யலூர், சாணார்பட்டி என்று திருவிழா மேடைகளில் நடித்தவள் நான். அங்கே ஜனம் சிரித்து அடங்கும் வரை அடுத்த வசனத்தைத் தொடக் கூடாது. தொட்டால் காற்றோடு போய்விடும்.

"மறக்கல சார். ஜனங்க சிரிச்சு முடிக்கட்டும்னு..."

"எந்த ஜனம்? இங்க மூணு கேமராதான் இருக்கு. அது எப்பச் சிரிக்கும்?"

செட்டே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அடுத்த டேக்கிலும் பாழாய்ப்போன வாய் அதே இடத்தில் நின்றது.

"இன்னொரு தடவை நின்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்றார்.

டிவி வந்தபின் மேடைக்கு அழைப்பு குறைந்திருந்த காலம். இதுவும் போனால் எனக்கு நடிப்பே இல்லை. இரண்டு வரியையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். ஓகே ஆனது.

அது ஒளிபரப்பானபோது திண்டுக்கல்லில் மதினி வீட்டில் இருந்தேன். தெருவே கூடியிருந்தது. முதல் வரிக்கு அப்படி ஒரு சிரிப்பு! என் வயிறு குளிர்ந்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் இரண்டாவது வரி ஒருவர் காதிலும் விழவில்லை.

"ஏத்தா, அதுக்கப்புறம் என்னமோ சொன்னியே, என்ன அது?" என்றார் மதினி.

சொன்னேன். டிவியை விட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இம்புட்டு நல்ல வசனத்தை இப்புடியா முழுங்குவ?" என்று மதினி குறைபட்டார்.

எனக்கு ஆறவே இல்லை. நின்றால் வேலை போகும், நிற்காவிட்டால் வசனம் போகும். அடுத்த படப்பிடிப்பில் ஒன்று செய்தேன். சிரிப்பு வரி முடிந்ததும் முந்தானையை உதறி, இழுத்து, இடுப்பில் செருகிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். டைரக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடடா, கோவம் பிரமாதமா வருதும்மா! அதையே வச்சுக்கங்க" என்றார்.

"சரிங்க சார்" என்று தலையாட்டினேன். நடிக்க வரும் பிள்ளைகளுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன்: சும்மா நிற்காதீர்கள், கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு நில்லுங்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு மூக்குமேல் கோபம் என்றே டைரக்டர் கடைசிவரை நினைத்திருந்தார். தொடர் முடியும் மட்டும் நான் வாராவாரம் முந்தானையைச் செருகினேன், திண்டுக்கல் சிரித்து முடிக்கட்டும் என்று.