ஒரு போர்டு நேரம்

ஓசூரில் கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனி ஒன்றின் மூன்றாவது லைனுக்கு எந்தப் புதுப்பெண் வந்தாலும், மாதேஸ்வரி முதல் நாளே ஒரு புத்திமதி சொல்லிவிடுவாள்.

"சூப்பர்வைசரை அண்ணான்னு கூப்பிடு புள்ள. ஒரு பேச்சுக்கு ரெண்டு அண்ணா போடு. அப்புறம் ஒரு தொந்தரவும் வராது."

தளிக்குப் பக்கத்து ஊரிலிருந்து பன்னிரண்டு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவள் அவள். வீட்டில் பாதி கன்னடம், லைனில் தமிழும் தெலுங்கும். எந்த மொழியானாலும் ஓர் ஆளை அண்ணனாக்கிவிட்டால் பயமில்லை என்று நம்பினாள். சூப்பர்வைசர் கௌதம் அவளைவிட ஐந்து வயது சின்னவன். அவனையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

சிவகங்கைப் பக்கமிருந்து வந்து நான்கே மாதமான தமிழ்செல்வி அந்தப் புத்திமதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கௌதமை "சார்" என்றாள். அதற்குமேல் பேச்சில்லை.

போன வியாழக்கிழமை அது நடந்தது. லைனில் போர்டுகள், அதாவது சாய்வான பலகைகள், நகர்ந்துகொண்டே இருக்கும். பெண்கள் கூடவே நடந்து அவற்றில் வயர்களைப் பதிக்க வேண்டும். ஒரு கை வயரைப் பிடித்திருக்கும், மறு கை கிளிப்பை அழுத்திக்கொண்டிருக்கும். விட்டால் எல்லாம் சரிந்துவிடும். கௌதம் தமிழ்செல்வியின் பின்னால் வந்து வலது கையால் எதையோ சுட்டிக் காட்டினான். இடது கை அவள் இடுப்பில் இருந்தது. எதிர்ப்பக்கம் நின்ற மாதேஸ்வரி பார்த்தாள். அந்த போர்டு முடியும்வரை கை அங்கேயே இருந்தது. அடுத்த போர்டு வந்ததும் தமிழ்செல்வி இரண்டு கையையும் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"கைய எடுங்க சார்!"

வயர்கள் சரிந்தன. சிவப்பு விளக்கு எரிந்து லைன் நின்றது.

மாதேஸ்வரிக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் அந்தப் பெண்மேல். இதற்கெல்லாம் போய் லைனை நிறுத்துவாளா ஒருத்தி?

தமிழ்செல்வி புகார் எழுதிக் கொடுத்தாள். தெரியாமல் கை பட்டது என்றான் கௌதம். புகார்க் குழுவிலிருந்த சுவேதா மேடம் இன்று காலை மாதேஸ்வரியைக் கூப்பிட்டு, "எதிர்ல நின்னது நீங்க ஒருத்தர்தான். பாத்தத எழுதிக் குடுங்க, இன்னிக்கு மூணு மணிக்குள்ள" என்றாள். மாதேஸ்வரி எழுதாவிட்டால் அந்தப் பெண் பொய்க்காரி என்றாகிவிடும். அதைச் சுவேதா சொல்லவில்லை. லைன் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் கேன்டீனில் தமிழ்செல்வி தனியாக உட்கார்ந்திருந்தாள். மாதேஸ்வரி தட்டோடு போய் எதிரில் அமர்ந்தாள்.

"நான் சொன்னனே புள்ள, அண்ணான்னு கூப்பிடுன்னு. கேட்டியா நீ?"

"கூப்பிட்டிருந்தா கை வச்சிருக்க மாட்டாராக்கா?"

"எம் மேலயுந்தான் வைப்பாரு. தோள்ல, முதுகுல. நான் என்ன செத்தா போயிட்டேன்? அது சும்மா, கூடப்பொறந்தவங்க மாதிரி."

"உங்க கூடப்பொறந்தவரு அப்படித்தான் உங்களைத் தொட்டுக்கிட்டு நிப்பாரா?"

மாதேஸ்வரியின் தம்பி சந்தோஷ் பஸ் ஏற்றிவிட வந்தால் அவள் பையைத்தான் வாங்கிக்கொள்வான். அவள் கையைப் பிடித்ததாக நினைவில்லை.

"ரொம்பப் பேசுற நீ" என்றாள்.

காலித் தட்டோடு அந்தப் பக்கம் போன ரூபா நின்றாள். அவளும் அதே லைன்தான். "என்னாக்கா, லைனை நிறுத்துன மகாராணிகூடச் சாப்பாடா? பாத்து உக்காரு. உன் முழங்கை பட்டாலும் கம்ப்ளெய்ன்ட் குடுத்துருவா."

மாதேஸ்வரி பழக்கத்தில் சிரித்துவிட்டாள். தமிழ்செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"நீங்க என்னக்கா எழுதப்போறீக?"

"தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. புருஷன் கங்கப்பன் கால் ஒடிந்து கிடந்தபோது, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் கௌதம். கெட்டவன் அப்படிச் செய்வானா? நல்லவன் என்றால், அவன் வரும்போதெல்லாம் அவள் ஏன் தூணோரம் ஒதுங்கி நிற்கிறாள்? ஒதுங்குவது அவளுக்கே இன்றுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கை தப்பென்றால், இத்தனை வருடம் சிரித்துக்கொண்டு நின்ற அவளை என்னவென்று சொல்வது?

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் சுவேதாவின் அறையில் உட்கார்ந்து, இடுப்பில் கை இருந்தது என்று எழுதினாள்.

"எவ்ளோ நேரம்?" என்று கேட்டாள் சுவேதா.

"ஒரு போர்டு நேரம் மேடம்."

"அப்படின்னா?"

"தொண்ணூறு செகண்ட்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்த நேரத்தில் அவள் பதினாலு கிளிப் போட்டு முடிப்பாள். தெரியாமல் பட்ட கை பதினாலு கிளிப் வரைக்கும் தெரியாமலே இருக்குமா? பேனாவை எடுத்து, 'பதினாலு கிளிப் போடும்வரை எடுக்கவில்லை' என்று அடியில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

சுவேதா படித்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். "உங்களுக்கும் ஏதாவது நடந்திருந்தா தனியா எழுதலாம்."

"அது வேற மேடம்."

"எப்படி வேற?"

மாதேஸ்வரி அந்தத் தாளை நான்காக மடித்து யூனிபார்ம் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

லைனில் கௌதம் இல்லை. விசாரணை முடியும்வரை வேறு பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருப்பதைப் பார்க்க நிம்மதியாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"எழுதிட்டீகளா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டாள் தமிழ்செல்வி.

"ம். பாத்தத எழுதிட்டேன்."

"உங்களுக்கு நடந்தத?"

"அது என்னன்னு எனக்கே இன்னும் புரியல புள்ள" என்றாள் மாதேஸ்வரி. "முதல்ல அது புரியட்டும்."