எதிரில் நின்று கட்டிய டை

ஹொரேஸ் டாப்சன் லண்டனில் ஒரு பெரிய ஓட்டலின் விருந்து மண்டபத்தில் இருபத்திரண்டு வருஷம் பரிமாறியவர். 1934இல் ஒரு மாலை, அதே மண்டபத்தில் விருந்தாளியாக வந்து உட்கார்ந்தார். உடம்பில் இருந்தது பழைய வேலைக் கோட்டுதான். பின்னால் வால் தொங்கும் அந்த வால்கோட்டுக்குக் கறுப்பு டை கட்டினால் பரிமாறுகிறவன், வெள்ளை டை கட்டினால் கனவான். மனுஷனை அளக்க இந்த ஊருக்கு அந்தத் துண்டுத் துணி போதும், என்னத்தைச் சொல்ல! டாப்சன் வெள்ளை டையும் வெள்ளை வெயிஸ்ட்கோட்டும் வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எல்லாம் மகள் எனிட்டுக்காக. அன்று விருந்து கொடுத்த பெரிய மனுஷர் சர் மார்டிமரின் மகன் ஜூலியனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அப்பா ஓட்டல் தொழிலில் இருக்கிறார் என்று மட்டும் அவள் அந்த வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் சர் மார்டிமர் எழுந்து நிச்சயத்தை அறிவிப்பார். எண்பது பேர் காதில் விழுந்த பேச்சை அவர் திரும்ப வாங்க மாட்டார். அதுவரை குட்டு உடையக்கூடாது.

சூப் கொண்டுவந்தவன் பெக். டாப்சனோடு பல வருஷம் வேலை பார்த்தவன். டாப்சன் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டார்.

"சூப் எடுத்துக்கிறீங்களா, சார்?" என்று குனிந்த பெக், காதோடு சொன்னான்: "முழங்கையை இப்படி இறுக்கி வச்சுக்காதய்யா. தட்டு தூக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கு."

மீன் போயிற்று, கறி போயிற்று. டாப்சன் ஒரு வாய் ருசித்திருந்தால் கேளுங்கள். கடைசியாக சர் மார்டிமர் பேச எழப்போனவர், புழுக்கம் தாங்காமல் காலரை இழுத்தார். டை அவிழ்ந்து தொங்கியது. வாதம் பிடித்த விரல்கள். முடிச்சுப் போட வரவில்லை. ஜூலியன் முயன்று பார்த்து இன்னும் கசக்கி வைத்தான்.

"இந்தக் கோலத்துல எப்படி நிக்கிறது? இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் சர் மார்டிமர்.

எனிட்டின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் டாப்சனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அவருக்கு எதிரில் நின்றார். ஒரு மடிப்பு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. வெள்ளை முடிச்சு கச்சிதமாக உட்கார்ந்தது.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். தன் டையை மட்டுமே கட்டிப் பழகியவன், அடுத்தவனுக்குக் கட்டப் பின்னால் போய் நிற்பான். எதிரில் நின்று கட்டத் தெரிந்தவன், இன்னொருத்தருக்கு உடுத்திவிட்டுப் பிழைத்தவன். சர் மார்டிமருக்கு அது தெரியாதா?

அதுவரை 'மிஸ்டர் டாப்சன், நீங்க' என்று பேசியவர், குரலைத் தாழ்த்தி, "எந்த வீட்ல வேலை பாத்தே?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். டாப்சனுக்கு நாக்கு எழவில்லை. "சின்ன வயசுல ஒரு பிரபுகிட்ட, சார். அப்புறம் இங்கேயேதான். உங்களுக்கே பரிமாறியிருக்கேன்."

சர் மார்டிமர் முடிச்சைத் தடவிப் பார்த்தார். ஜூலியனைப் பார்த்தார். பிறகு எழுந்து நிச்சயத்தை அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. டாப்சனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உட்கார்ந்த கையோடு சர் மார்டிமர் டாப்சனின் உள்ளங்கையில் ஒரு அரைக் கிரவுன் நாணயத்தை இனாமாக அழுத்தினார். "நல்லாக் கட்டினே."

இருபத்திரண்டு வருஷப் பழக்கம், பாழாய்ப்போனது! விரல்கள் தானாக மூடிக்கொண்டன. "ரொம்ப நன்றி, சார்" என்று வாயும் தானாகச் சொல்லிவிட்டது.

எனிட் அதைப் பார்த்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நாணயத்தை எடுத்து, சர் மார்டிமரின் தட்டருகே வைத்தாள்.

"எங்கப்பா இன்னைக்கு வேலைக்கு வரலை, சார்" என்றாள், மேசை முழுக்கக் கேட்கும்படி. "விருந்துக்கு வந்திருக்காரு."

பெக் காபிக் குடுவையோடு வந்தான். முறைப்படி முதல் கோப்பை சர் மார்டிமருக்கு. அவன் அவரைத் தாண்டிப் போய், டாப்சனின் கோப்பையை நிரப்பினான்.