மீற்றர் காட்டிய எண்ணூறு

எண்ணெய் ஆலை எஞ்சினிலிருந்து கழற்றிய, சுற்று எண்ணும் சிறு மீற்றர் ஒன்றை என் மோட்டார் சைக்கிளில், வால்வுகளை இயக்கும் தண்டில் பொருத்தினேன். வண்டி நிற்கையில் எஞ்சின் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று ஓட வேண்டும். முள் நானூறு காட்டியதால் எண்ணூறு வரும்வரை, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் திருகாணியை முறுக்கினேன்.

"ஏனப்பா உது இப்பிடிக் கத்துது?" என்றாள் மனைவி.

"மீற்றர் பொய் சொல்லாது. நீர் உள்ளை போம்."

மறுநாள் கொக்குவில் ரயில் கடவையில் காத்திருந்தபோது கியரில் இருந்த வண்டியின் கிளச் பிடி கையிலிருந்து நழுவியது. அப்படி நழுவினால் வழக்கமாக எஞ்சின் அணைந்துவிடும்; அன்று வண்டி பாய்ந்து, மூடிய கேற்றில் மோதியது. மறுகணம் ரயில் கடந்தது.

"உங்களைப் போல ஆக்களுக்குத்தான் ஐயா கேற்றைப் பூட்டுறது" என்றார் காவலாளி.

பிறகுதான் விசாரித்தேன். எஞ்சின் இருமுறை சுற்றினால் அந்தத் தண்டு ஒருமுறைதான் சுற்றுமாம். முள் எண்ணூறு காட்டியபோது எஞ்சின் ஆயிரத்து அறுநூறு சுற்று ஓடியிருக்கிறது.

இப்போது முள்ளைப் பார்த்தபின் மனைவியைக் கூப்பிட்டுச் சத்தத்தைக் கேட்கச் சொல்கிறேன். அவள் தலையாட்டினால்தான் வண்டி வீட்டுப் படலை தாண்டும்.