நிழலுக்குச் சக்கரம் இல்லை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரிகூடக் கட்டுக்கதை இல்லை. "உங்களுக்குக் கண்ணுல கோளாறு" என்று என் மனைவியே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பின் சீட்டில் எங்கள் ஆறு வயது மகள் இருந்தாள். அவளும் பார்த்தாள்.

என்னுடையது நான்கு பேர் உட்காரும் குட்டி விமானம். பறக்கும்போது சக்கரங்கள் அதன் வயிற்றுக்குள் மடங்கிக்கொள்ளும். இறங்கும் முன் அவை வெளியே வந்துவிட்டால் மூன்று பச்சை விளக்குகள் எரியும். அன்று சாயங்காலம் ஒன்றுகூட எரியவில்லை. வயர்தான் ஏதோ தகராறு என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

இந்த மாதிரி நேரத்தில் ஓடுபாதைக்கு மேல் தாழப் பறப்போம். கீழே இருப்பவர் அண்ணாந்து பார்த்து, சக்கரம் வந்திருக்கிறதா என்று ரேடியோவில் சொல்வார்.

ஓடுபாதை ஓரம் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் நின்றிருந்தார். நான் இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் என் ஹெட்ஃபோனில் குரல் வந்துவிட்டது.

"மூணும் எறங்கியிருக்கு. வாங்க."

அப்பாடா என்றிருந்தது. ஒரு வட்டம் அடித்துத் திரும்பினேன். அப்போதுதான் கவனித்தேன்... காற்று பார்க்கக் கட்டியிருந்த துணிப்பை விறைத்து நின்றது. அவர் சட்டை அசையவே இல்லை.

"வாங்க... வாங்க..."

தரை நெருங்கியது.

"அப்பா, நம்ம நிழலப் பாரு."

புல்மேல் நிழல் கூடவே ஓடிவந்தது.

"அதுக்குச் சக்கரமே இல்லப்பா!"

முழு வேகம் கொடுத்து மேலே தூக்கினேன். ஓடுபாதை ஓரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

சீட்டுக்கு நடுவிலிருந்த கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிச் சக்கரங்களை இறக்கினேன். நிழலில் அவற்றைப் பார்த்த பிறகுதான் தரையைத் தொட்டேன்.

மெக்கானிக் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சக்கரம் இல்லாம எறங்கப் பாத்தீங்களே சார்! ரேடியோல கத்திக் கத்திக் கூப்பிட்டேன். காதுல விழலையா?"

மஞ்சள் தொப்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"அவரு செத்து ஒரு வருஷமாச்சு சார். சிநேகிதர் ஒருத்தர் இவரோட பொண்ண விமானத்துல ஒரு சுத்து கூட்டிட்டுப் போனாரு. எறங்குறப்போ கீழ நின்ன இவருக்கு வெயில்ல கண்ணு கூசிடுச்சு. மூணும் எறங்கியிருக்குன்னுட்டாரு. வயிறு உரசி, தீப்பிடிச்சு... புள்ளயத் தூக்க உள்ள ஓடுனவருதான்."

காரில் ஏறினோம். மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மாமா ஏம்ப்பா 'வா பாப்பா, வா பாப்பா'ன்னு என்னையே கூப்பிட்டுட்டு இருந்தாரு?"

அவளுடைய ஹெட்ஃபோன் அன்று முழுவதும் என் பைக்குள்தான் இருந்தது.